துணைப் புரதங்களின் கதை – 5: வலையில் விழுந்தது வேறொன்று

கடந்த வாரம் 1981ஆம் ஆண்டில் கதையை நிறுத்தியிருந்தோம். இடையில் சேர்ந்துகொண்ட வாசகர்களுக்காக, அதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1962. இத்தாலியின் நேபிள்ஸ் நகரம். ஃபெருச்சியோ ரிட்டோஸாவின் ஆய்வுகூடத்தில் பழ ஈக்களை வைத்திருந்த பெட்டியின் வெப்பநிலையை யாரோ கூட்டிவிட்டார்கள். ஈக்களின் நிறமூர்த்தங்களில் அதுவரை காணாத புடைப்புகள் தோன்றின. 1974இல் அல்ஃப்ரட் டிசியேரும் அவருடன் வேலை செய்தவர்களும், அந்த வெப்பத்தில் புதிய புரதங்கள் உருவாவதைக் காட்டினார்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. அவற்றுள் பருமனான ஒன்று 90,000 டோல்டன் எடை கொண்டது. அதுதான் எச்.எஸ்.பி.90, இந்தத் தொடரின் நாயகன்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. அது சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். வெப்பம் தாக்கினால் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிவிடும். அப்படி ஆகாமல் பிடித்துவைப்பதும், மடிய உதவுவதும் சாப்பரோன் எனப்படும் துணைப் புரதங்களின் வேலை.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? அந்தத் தொடர்பு ஒரு கோழியிலிருந்து வந்தது. 1911இல் நியூயோர்க்கில் பெய்ட்டன் ரவுஸ், கோழிகளுக்குக் கட்டியை உண்டாக்கும் ஒரு வைரஸைக் கண்டார். அந்த வைரஸ் கொண்டுபோகும் மரபணுவால் கலத்துக்குள் உருவாகும் புற்றுப் புரதத்தின் பெயர் சார்க். 1977இல் ஜோன் புரூகியும் ரேமண்ட் எரிக்சனும் அதைக் கையில் பிடித்தார்கள்.

பிடித்தபோது அது தனியாக வரவில்லை.

* * *

அந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். கலங்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலம் ஊட்டப்படுகிறது. பிறகு கலங்களை உடைத்து, கட்டி வளர்ந்த முயலின் குருதியிலிருந்து எடுத்த சீரத்தை அதில் சேர்க்கிறார்கள். சீரத்தில் உள்ள பிறபொருளெதிரிகள் சார்க்கைப் பற்றிக்கொள்கின்றன. பற்றியதை வடித்தெடுத்து, ஜெல்லில் ஓடவிட்டு, எக்ஸ்ரே படலத்தின் கீழ் வைத்தால், புரதங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். கனமானவை மேலே, இலேசானவை கீழே.

60,000 டோல்டன் இடத்தில் கோடு இருந்தது. அது சார்க். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் 90,000இல் இன்னொரு கோடு, 50,000இல் மற்றொன்று.

ஆய்வுகூடத்தில் நின்று பழகியவர்கள் இத்தகைய கோட்டைக் கண்டால் முதலில் அழுக்கென்றே நினைப்பார்கள். இன்னும் நன்றாகக் கழுவு, போய்விடும் என்பார்கள். இந்தக் கோடுகள் கழுவியும் போகவில்லை. 1981இல் புரூகியும் எரிக்சன் குழுவும், இவை சார்க்கோடு உண்மையிலேயே சேர்ந்து நிற்பவை என்று எழுதினார்கள். அதே ஆண்டில் மைக்கல் பிஷப்பின் ஆய்வுகூடத்தில் ஹெர்மன் ஒப்பர்மன் முதலியோர், 90,000 டோல்டன் புரதம் வெப்ப அதிர்ச்சிப் புரதமே என்று காட்டினார்கள்.

வெப்பத்துக்கு எதிராகக் கலத்தைக் காக்கும் புரதம், வெப்பமே இல்லாத இடத்தில், ஒரு புற்றுப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறது? கடந்த வாரம் இந்தக் கேள்வியோடுதான் பிரிந்தோம்.

பதில் வர 13 ஆண்டுகள் ஆயின. அதுவும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வரவில்லை. மண்ணிலிருந்து வந்தது.

* * *

மண்ணில் கிடந்த மருந்து

மண்ணில் வாழும் ஸ்ரெப்ரோமைசிஸ் என்னும் பற்றீரியாக் குடும்பம் மனிதருக்குத் தந்த மருந்துகள் ஏராளம். காசநோய்க்கு முதலில் வந்த ஸ்ரெப்ரோமைசின் அந்தக் குடும்பத்தின் கொடைதான். 1970இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ நகரில் இயங்கிய அப்ஜோன் மருந்துக் கம்பனியினர், அதே குடும்பத்தின் ஓர் இனத்திலிருந்து ஜெல்டனமைசின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். நுண்ணுயிர்கொல்லியாக அது பெரிதாகச் சோபிக்கவில்லை.

1979இல் ஜப்பானின் கிட்டசாட்டோ நிறுவகத்தில் சத்தோஷி ஒமூரா, அதற்கு நெருங்கிய உறவான ஹெர்பிமைசினைக் கண்டார். அவர் தேடியது களைகொல்லி. பெயரிலேயே அது இருக்கிறது. யானைக்கால் நோய்க்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் ஐவர்மெக்ரினுக்கு வழி திறந்ததற்காக 2015இல் நோபல் பரிசு பெற்ற அதே ஒமூராதான். கிழக்குக் கரையில் வயல் செய்பவர்களுக்குக் களைகொல்லி புதிய செய்தி அல்ல. ஆனால் ஒரு களைகொல்லி புற்றுநோயின் கதைக்குள் நுழையும் என்று அந்நாளில் ஒமூராவும் எண்ணியிருக்க மாட்டார்.

அதை உள்ளே கொண்டுவந்தவர் தோக்கியோவில் இருந்த யொஷிமாசா உவெஹாரா.

அவர் எலியின் சிறுநீரகக் கலங்களில் ரவுஸ் வைரஸைத் தொற்றவைத்தார். தொற்றிய கலங்கள் புற்றுக் கலங்களின் போக்குக்கு மாறிவிடும். தட்டையாகப் பரந்து தட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டியவை உருண்டு திரண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். இந்தக் கலங்களைப் பழைய வடிவத்துக்குத் திருப்பும் பொருள் ஏதும் உண்டா என்று, நுண்ணுயிர்களிடமிருந்து கிடைத்த சேர்மங்களை ஒன்றொன்றாக ஊற்றிப் பார்த்தார் உவெஹாரா. கலத்தைக் கொல்லும் மருந்தை எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நாளில், கலத்தைத் திருத்தும் மருந்தை அவர் தேடினார். அந்தத் துணிவு எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது.

ஹெர்பிமைசினை ஊற்றியபோது கலங்கள் மீண்டும் தட்டையாகப் பரந்தன. நுணுக்குக்காட்டியின் கீழ் புற்றுக் கலம் சாதாரணக் கலமாகத் திரும்பியது.

* * *

அழகான விளக்கம்

1986இல் உவெஹாராவின் குழு தன் முடிவுகளை விரிவாக எழுதியது. மருந்து பட்ட கலங்களில் சார்க் செயலிழந்திருந்தது.

சார்க் ஒரு கைனேஸ் நொதியம். மற்றப் புரதங்களில் பொஸ்பேற்றை ஒட்டி, 'வளர், பிரி' என்ற கட்டளையை ஓயாமல் அனுப்புவது. மருந்து பட்டதும் அந்த வேலை நின்றது. ஆகவே மருந்து அந்த நொதியத்தின் வேலையைத் தடுக்கிறது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். இதைவிட இயல்பான முடிவு வேறென்ன? கைனேஸ்களை மறிக்கும் மருந்துகளை உலகமே தேடத் தொடங்கியிருந்த காலம் அது. ஹெர்பிமைசினும் ஜெல்டனமைசினும் 'கைனேஸ் தடுப்பிகள்' என்ற பெயரோடு ஆய்வுகூடம் ஆய்வுகூடமாகப் புழங்கின.

விளக்கம் எளிமையாக இருந்தது. பயனும் தந்தது. ஆகவே அதைக் கிண்டிப் பார்க்க ஒருவருக்கும் அவசரமில்லை. அறிவியலில் ஆண்டுகளை அதிகம் விழுங்குவது இத்தகைய விளக்கங்கள்தான். முற்றிலும் பொய்யென்றால் சீக்கிரம் சரிந்துவிடும். பாதி உண்மையாக இருப்பதுதான் நெடுங்காலம் நிற்கும்.

1992இல் அது ஆடத் தொடங்கியது.

அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தில் லென் நெக்கர்ஸின் ஆய்வுகூடம். அங்கே சிறுவர் புற்றுநோய் மருத்துவரான லூக் வைட்செல் இந்தச் சேர்மங்களைப் புற்றுக் கலங்களில் சோதித்தார். கலங்கள் செத்தன. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. சார்க் நொதியத்தை எவ்வளவு தடுக்கிறது, கலத்தை எவ்வளவு கொல்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று மற்றதைத் தொடரவில்லை. புற்றுக் கலங்களைக் கொல்லும் ஆற்றலுக்கும் சார்க்கைத் தடுப்பதற்கும் தொடர்பில்லை என்று அந்த ஆண்டின் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் மருந்து கலத்துக்குள் போய் எதைப் பிடிக்கிறது?

* * *

1994: வலை

இதைக் கண்டுபிடிக்க அவர்கள் எடுத்த வழி மிக நேரானது. மருந்தையே வலையாக்கினார்கள்.

ஜெல்டனமைசின் மூலக்கூற்றை மிகச் சிறிய மணிகளோடு இரசாயனப் பிணைப்பால் இறுகக் கட்டினார்கள். அந்த மணிகளோடு கலங்களை உடைத்த சாற்றைக் கலந்தார்கள். ஆயிரமாயிரம் புரதங்கள் அந்தச் சாற்றில் இருக்கும். மருந்தைப் பற்றக்கூடியது எதுவோ அது மணியில் தங்கும், மற்றவை கழுவுநீரோடு போய்விடும். கடைசியில் தங்கியதைப் பிரித்து ஜெல்லில் ஓடவிட்டார்கள்.

வழமையான விளக்கம் சரியென்றால், 60,000இல் சார்க்கின் கோடு தெரிய வேண்டும்.

தெரிந்தது 90,000இல்.

ஒரு பரிசோதனையோடு ஆய்வாளர்கள் நம்பிவிடுவதில்லை. மணியில் எதேச்சையாக ஒட்டிய புரதமாகவும் இருக்கலாம் அல்லவா? மணியோடு கட்டாத ஜெல்டனமைசினைச் சாற்றில் முன்கூட்டியே கலந்து பார்த்தார்கள். அப்போது அந்தப் புரதம் மணியில் ஏறவில்லை. கரைசலில் இருந்த மருந்து அதை ஏற்கனவே பிடித்துவிட்டது. பிடிப்பு உண்மையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பிடிபட்டது எச்.எஸ்.பி.90 என்பதும் உறுதியானது.

1981இல் எக்ஸ்ரே படலத்தில் சார்க்கின் பக்கத்தில் நின்ற அந்தக் கோடு இப்போது மருந்தின் கையில் நின்றது.

இரண்டையும் சேர்த்து வாசித்தபோது கதை தலைகீழானது. மருந்து சார்க்கைத் தொடுவதே இல்லை. சார்க்குக்குத் துணை நிற்கும் எச்.எஸ்.பி.90ஐத்தான் அது பற்றுகிறது. துணை விலகியதும் சார்க்கால் நிலைக்க முடியவில்லை. குலை தள்ளிய வாழைக்குக் கொடுத்திருந்த முட்டுக்கழியை உருவிவிட்டால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. சரிந்த புரதத்தைக் கலத்தின் கழிவகற்றும் ஏற்பாடு தின்று தீர்த்தது. உவெஹாரா கண்ட 'செயலிழப்பு' அதன் கடைசி விளைவு மட்டுமே.

அந்த ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் சஞ்சிகையில் வைட்செல், நெக்கர்ஸ் குழுவின் கட்டுரை வெளிவந்தது. கலம் புற்றாக மாறுவதற்கே அழுத்தப் புரதங்கள் அவசியம் என்று அது சொன்னது. சார்க் மட்டுமல்ல, ராஃப்-1, மார்புப் புற்றின் ஹெர்-2 என்று, எச்.எஸ்.பி.90ஐச் சார்ந்து நிற்கும் புரதங்களின் பட்டியல் அடுத்த ஆண்டுகளில் நீண்டுகொண்டே போனது. புற்றுநோய் தன் வளர்ச்சிக்கு நம்பியிருக்கும் பல புரதங்கள் ஒரே துணையின் தோளில் நிற்கின்றன. அந்த ஒன்றைத் தட்டினால் பலவும் ஒன்றாக விழும்!

புற்று ஒரு வழியை மறித்தால் இன்னொரு வழியால் தப்புவது. அதோடு நெடுநாள் மல்லுக்கட்டிய மருத்துவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நம்பிக்கையைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

* * *

இடையில் வேம்பைப் பற்றி

காலக்கோட்டைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மண்ணிலிருந்து மருந்து என்று எழுதத் தொடங்கியதுமே, நம் ஊர் வாசகர்கள் மனத்தில் மருந்துச் செடிகள் வந்து நின்றிருக்கும். அம்மை இறங்கியதும் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டும் உம்மாமார் இருக்கும் ஊர் நிந்தவூர். அதனால் இதைச் சொல்லாமல் போக முடியாது.

வேப்பம் விதையில் கெடுனின் என்ற சேர்மம் உண்டு. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைப் புரொஸ்ரேட் புற்றுக் கலங்களில் சோதித்தபோது, அது எச்.எஸ்.பி.90இன் வேலையைக் குழப்புவது தெரிந்தது. 2013இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அஹமட் சட்லியின் குழு இன்னும் ஒரு படி உள்ளே போனது. கெடுனின், எச்.எஸ்.பி.90க்கு உதவி நிற்கும் பி23 என்ற சிறு புரதத்தை முடக்குகிறது என்று காட்டியது. நம் நாட்டிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல் நிறுவகத்தில் சமீர சமரக்கோன் முதலியோர், புற்றின் தண்டுக் கலங்களை ஒத்த கலங்களில் கெடுனினைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். எச்.எஸ்.பி.90 ஆராய்ச்சி எங்கோ கடல் கடந்து மட்டும் நடப்பதல்ல.

ஆனால் இவை எல்லாம் தட்டில் வளர்த்த கலங்களில், சுத்திகரித்த சேர்மத்தை அளந்து ஊற்றிக் கண்டவை. வேப்பிலையை அரைத்துக் குடித்தால் புற்று கரையும் என்று ஒருவரும் காட்டவில்லை. மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, மாதக்கணக்காகக் கஷாயம் குடித்து, கடைசியில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறும் நிலைமை எந்த ராத்தாவுக்கும் வரக்கூடாது. கட்டி தெரிந்த கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. தூரம் ஒரு சாட்டாக வேண்டாம்.

கதைக்குத் திரும்புவோம்.

* * *

1997: குழிக்குள் யார்?

மருந்து எச்.எஸ்.பி.90ஐப் பிடிக்கிறது, சரி. எங்கே பிடிக்கிறது? பிடித்தால் ஏன் அதன் வேலை நிற்கிறது?

நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் நிக்கோலா பவ்லெட்டிச்சின் ஆய்வுகூடம் எச்.எஸ்.பி.90இன் ஒரு முனையையும் ஜெல்டனமைசினையும் ஒன்றாகப் பளிங்காக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, அதன் உருவத்தை அணு அணுவாக வரைந்தது. 1997 ஏப்ரிலில் அந்தப் படம் 'செல்' சஞ்சிகையில் வந்தது. புரதத்தின் முனையில் ஓர் ஆழமான குழி. அதற்குள் மருந்து மடங்கிப் படுத்திருந்தது. மூலக்கூறு தன் வளையத்தை வளைத்து, குழிக்கு அளவெடுத்ததுபோல் உள்ளே கிடந்தது.

அந்தக் குழி எதற்காக? அந்தக் குழு நினைத்தது ஒன்று. துணை வேண்டி வரும் புரதத்தின் ஒரு துண்டு வந்து அமரும் இடமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

மூன்றே மாதங்களில் இலண்டனிலிருந்து மறுமொழி வந்தது. லோரன்ஸ் பேர்லும் கிரிசொஸ்டமஸ் புரொட்ரோமுவும் அதே குழிக்குள் ஏ.ரி.பி. மூலக்கூறு அமர்ந்திருக்கும் படத்தை வெளியிட்டார்கள். கலத்தில் எந்த வேலைக்கும் சக்தி கொடுப்பது ஏ.ரி.பி. எச்.எஸ்.பி.90 அதைப் பயன்படுத்துகிறதா இல்லையா என்று அதற்குமுன் ஆண்டுக்கணக்காகத் தர்க்கம் நடந்திருந்தது. ஏ.ரி.பி. அதில் அமர்கிறது என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது.

மருந்தின் வேலையும் அதே படத்தில் விளங்கிவிட்டது. ஏ.ரி.பி. இருக்க வேண்டிய இடத்தில் ஜெல்டனமைசின் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சக்தி கிடைக்காத எச்.எஸ்.பி.90, தன் கையில் இருக்கும் புரதத்தை முடிவுவரை மடித்துக் கொடுக்க முடியாமல் நிற்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குழிக்குள் ஏ.ரி.பி. வளைந்து அமரும் விதம் சாதாரணக் கைனேஸ்களில் இருப்பதைப்போல் இல்லை. ஆகவே மற்ற நொதியங்களைக் கலைக்காமல் இதற்கு மட்டும் பொருந்தும் மருந்து செய்ய இடம் இருந்தது. அதன் பின்னர் உலகின் மருந்துக் கம்பனிகள் இந்தக் குழியை நோக்கித் திரும்பின.

* * *

நோயாளியின் கட்டிலை நோக்கி

ஜெல்டனமைசினை நேராக மனிதருக்குக் கொடுக்க முடியவில்லை. விலங்குச் சோதனையில், புற்றைத் தாக்கும் அளவுக்குக் கொடுத்தால் நாய்களின் ஈரல் கெட்டது. மருந்தாகும் வழி அங்கேயே அடைபட்டதுபோல் இருந்தது.

இரசாயனவியலாளர்கள் விடவில்லை. மூலக்கூற்றின் 17ஆவது இடத்தில் இருந்த ஒரு சிறு பகுதியைக் கழற்றி, வேறொன்றை மாட்டினார்கள். 17-ஏ.ஏ.ஜி. என்ற சேர்மம் பிறந்தது. குழிக்குள் அது அமர்ந்தது. ஈரலுக்குச் செய்யும் கேடு குறைந்தது. எலிகளில் கட்டிகளின் வளர்ச்சியை மறித்தது. 1999இல் அதை மனிதரில் சோதிக்கத் தொடங்கினார்கள். வேறு சிகிச்சை எதுவும் கைகொடுக்காத நோயாளிகள் முன்வந்தார்கள். தங்களுக்குப் பயன் கிட்டுமா என்று தெரியாத நிலையில், எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்று அறியத் தங்கள் உடலையே தந்தவர்கள் அவர்கள். இந்தத் தொடரில் ஆய்வாளர்களின் பெயர்கள்தான் வருகின்றன. பெயர் வராத இவர்கள் இல்லாமல் ஒரு மருந்தும் வராது.

அந்தச் சோதனை தொடங்கும்போதே பலர் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எச்.எஸ்.பி.90 புற்றுக் கலத்துக்கு மட்டும் உரியதல்ல. நம் இதயத்திலும், ஈரலிலும், மூளையிலும், தோலிலும் உள்ள ஒவ்வொரு கலத்திலும் அது இருக்கிறது. கலத்தின் மொத்தப் புரதத்தில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு அதுவே. மதுவக் கலத்திலிருந்து அதை முற்றாக நீக்கினால் மதுவம் உயிர் வாழாது என்று 1989இலேயே காட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றை மறிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினால், புற்றுக்கு முன் நோயாளி அல்லவா விழ வேண்டும்?

ஆனால் எலிகள் விழவில்லை. மருந்து கட்டிக்குள் தங்கித் தன் வேலையைச் செய்தது, பக்கத்தில் இருந்த நல்ல திசுக்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. நெக்கர்ஸ் மணிகளில் பிடித்த புரதமும், பவ்லெட்டிச் படம் வரைந்த குழியும், நல்ல கலத்திலும் புற்றுக் கலத்திலும் ஒன்றேதான். அதே புரதம், அதே குழி, அதே மருந்து. அப்படியிருக்க, புற்றுக் கலத்துக்குள் இருக்கும் எச்.எஸ்.பி.90 மட்டும் அந்த மருந்தின் கையில் ஏன் அவ்வளவு இலகுவாக அகப்பட்டது?

(தொடரும்)